கோடு

பலகையில் மூன்று மொழியிலும் கோட்டை.
கிருத்திகன் மூன்றில் இரண்டை வாசித்தான்,
மேடையில் நின்றபடி ஒரு சுற்றுச் சுற்றினான்.
"எங்கப்பா?"

ஹட்டனிலிருந்து இரவெல்லாம் தூங்காமல் வந்தவன்.
பையில் வரைதல் கொப்பி, சீவிய பென்சில் ஐந்து.
வரலாற்று டீச்சர் கேட்டிருக்கிறார்:
மலைமேல் ஒரு கோட்டை, கோபுரத்தோடு.
நேரில் பார்த்து வரைந்தால் கூடுதல் புள்ளி.

பறங்கி கட்டினான், ஒல்லாந்தன் பெரிதாக்கினான்,
வெள்ளைக்காரன் இடித்துப்போட்டான் என்றேன்.
"அப்ப பேரை மட்டும் ஏன் இடிக்கல?"
பதில் தெரிந்திருந்தால்
அவனுக்கு அந்த நேரத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்க மாட்டேன்.

மலையும் இல்லை.
அதுதான் அவனுக்குப் பெரிய ஏமாற்றம்.
இவ்வளவு சனம், இவ்வளவு கட்டடம்,
ஏறிப் பார்க்க ஒரு மேடில்லாத ஊர்.

சுவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை.
இருபத்திரண்டு வயதில் இதே தெருவில்
மணல்மூட்டை, தகரப் பீப்பாய்,
குறுக்கே போட்ட ஒரு மூங்கில்.
நூறு அடிக்கொரு வாசல்.
ஒவ்வொன்றிலும் அடையாள அட்டை,
லாட்ஜில் பதிந்த துண்டு,
எங்கே பிறந்தாய், எதற்கு வந்தாய்.
இடித்த கோட்டைக்கு
அத்தனை காவல்.

இரண்டாம் குறுக்குத் தெருவில்
"சைட், சைட்" என்று கத்திக்கொண்டு வந்த நாட்டாமி
எங்களைத் துணிக்கடை ஒன்றுக்குள் தள்ளிவிட்டுப் போனார்.
வண்டி கடந்த இடத்தில் வெங்காயச் சருகு பறந்தது.
வெளியே வந்து நிமிர்ந்தால்
சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை,
கட்டங்கட்டமாய், பிறகு சுருள்சுருளாய்
மின்கம்பிகளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.
"தாம் பலகையை யாரோ சுருட்டி
நிறுத்தி வச்சிருக்காங்கப்பா."

முஸம்மில் நானா வாசலில் நின்றார்.
அரைக் காற்சட்டையோடு நின்றவனுக்கு
ஒரு சாரத்தை இரண்டாய் மடித்துக் கட்டிவிட்டார்.
"ஜாமிஉல் அல்பார். எங்கட வாயில
சம்மாங்கோட்டுப் பள்ளி."
கோட்டை என்று கேட்டுவிட்டது பையனின் காதுக்கு.
"கோட்டை இல்ல மகன், கோட்டு.
ஏனென்டு எனக்கும் தெரியா."

எனக்கும் தெரியாது.
உயர்தரத் தமிழில் படித்தது மட்டும் ஞாபகம் வந்தது:
கோடு என்றால் மலையுச்சி,
யானையின் கொம்பு, குளத்தின் கரை,
கிளை, வளைவு,
அடிமட்டம் வைத்து இழுக்கிற கோடும்தான்.
ஒரு சிறிய சொல்லுக்குள்
எத்தனை குடித்தனம்.

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினான்.
அறுபதுக்கு மேல் எனக்கு மூச்சு வாங்க,
அவனுக்கு எண்ணிக்கை பிசகிவிட்டது.
மேலே தகரக் கூரைகள், தண்ணீர்த் தாங்கிகள்,
காயப்போட்ட ஒரு மெத்தை,
பாரந்தூக்கிகளின் இடுக்கில் ஒரு விரல் அகலக் கடல்.
"முந்தி கப்பல்ல வாற ஆக்கள் முதல்ல இதைத்தான் காணுவாங்க.
இப்ப நாங்க கப்பலைத் தேட வேண்டிக் கிடக்கு" என்றார் நானா,
வருத்தமில்லாமல், மணிக்கூட்டைப் பார்த்தபடி.

லுஹர்.
ஒலிபெருக்கி எங்கள் தலைக்கு மிக அருகே.
கிருத்திகன் காதுகளைப் பொத்தினான்,
ஒரு விரலை எடுத்தான்,
பிறகு இரண்டு கையையும்.
கீழே ஒரு வண்டி நின்றது.
மற்றவை நிற்கவில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து வரைந்தான்.
கோபுரம் சரியாகவே வந்தது, சற்றுச் சாய்வாக.
அதன் அடியில் இல்லாத ஒரு மலையைப் போட்டான்,
வரிவரியாய்த் தேயிலை,
ஓரத்தில் எங்கள் லயம், ஏழாம் வீட்டுக்குக் கதவு.
"சுவர் வரையலையா? கோட்டை தானே?"
"இருந்தாத்தானே வரைய."

இரவு ரயிலுக்குத் திரும்பினோம்.
நுழைவாயிலில் வெள்ளைச் சட்டைக்காரர் கை நீட்டினார்.
நானும் நீட்டினேன்.
அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்,
என் முகத்தையும் ஒருமுறை,
பிறகு சிரித்துவிட்டார்.
"டிக்கட், மாத்தயா."

நான் கொடுத்தது அடையாள அட்டை.

கிருத்திகனும் சிரித்தான்.
தன் சட்டைப்பையிலிருந்து
இரண்டு டிக்கட்டையும் எடுத்து நீட்டினான்.